கட்டிலில் பூனை: நஜீஸ் இல்லை என்பதால் நோயும் இல்லை என்றாகுமா?

கடந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பூனையால் சிறு சண்டை வந்தது. தலைப்பிள்ளைக்கு நான்கு மாதமாக இருந்த மகள் கண்டியிலிருந்து கினிகத்தேனைக்கு வந்திருந்தாள். ஐந்து வருடமாக எங்களோடு இருக்கும் பூனை, அவள் வந்த முதல் இரவே பழைய பழக்கத்தில் அவளுடைய கட்டிலில் ஏறி, கால்மாட்டில் சுருண்டு படுத்துக்கொண்டது.

அதைக் கண்ட என் மனைவியின் மூத்த ராத்தா பதறிப்போனார். "பிள்ளைத்தாச்சி படுக்கிற கட்டில்ல பூனையா? அது வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. விடிஞ்சதும் சாக்குல போட்டு தூரமா எங்கயாவது விட்டுட்டு வாங்க" என்றார். மத்ரஸாவில் ஓதும் இளைய மகன் விடவில்லை. "பெரியும்மா, பூனை நஜீஸ் இல்ல. ஹதீஸ் இருக்கு. அது எங்கயும் படுக்கலாம்" என்றான்.

இருவரும் இரவு பத்து மணிவரை வாதாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவர்கள் பேசுவது ஒரே கேள்வியைப் பற்றி அல்ல என்று பட்டது. பெரியும்மா கேட்டது நோய் வருமா என்று. மகன் பதில் சொன்னது தொழுகை கூடுமா என்ற கேள்விக்கு. நம்மில் பல வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மார்க்கம் சுத்தம் என்று சொன்னதை வைத்தியரின் சான்றிதழ் போல எடுத்துக்கொள்கிறோம். வைத்தியர் கவனம் என்று சொன்னால் பூனையையே அசுத்தமானதாக்கிப் பாதையில் விட்டுவிடுகிறோம். இரண்டுமே பிழை. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் மார்க்கம். அபூகதாதா (ரழி) அவர்கள் தமது மகனின் மனைவி கப்ஷாவின் வீட்டுக்குப் போகிறார்கள். மருமகள் வுழூவுக்குத் தண்ணீர் வைக்கிறார். ஒரு பூனை வந்து அந்தத் தண்ணீரில் வாய் வைக்கிறது. அபூகதாதா (ரழி) அதை விரட்டாமல், அது வசதியாகக் குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுக்கிறார்கள். மருமகள் வியப்போடு பார்க்க, பூனை நஜீஸ் அல்ல, அது உங்களிடையே சுற்றித் திரிபவற்றில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொல்கிறார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதி, நஸாஈ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

இதில் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். பூனை வீட்டுக்குள் வந்துபோகும் பிராணி. அதைத் தடுத்துக்கொண்டே இருக்க முடியாது. அது வாய் வைத்ததெல்லாம் நஜீஸ் என்றால் மக்கள் கஷ்டத்தில் விழுவார்கள். ஆகவே இது வணக்கத்தை இலகுவாக்க வந்த சட்டம். பூனையின் உடம்பில் நோய்க்கிருமியே இராது என்று இதிலிருந்து விளங்குவது சரியல்ல. ஒரு மனிதனும் சுத்தமானவன்தான். அவனுக்குத் தடிமனும் காய்ச்சலும் இருந்தால் அவனோடு ஒரே தலையணையில் படுப்போமா?

பூனையின் உடலும் எச்சிலும் சுத்தம் என்றாலும், அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். மெத்தையில் சிறுநீர் கழித்துவிட்டால் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வாடையும் அடையாளமும் போகும்படி தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். உதிர்ந்த முடி விடயத்தில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஹனபி மத்ஹபில் அது சுத்தமானது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், உண்ணக் கூடாத பிராணி உயிரோடிருக்கும்போது அதிலிருந்து பிரியும் முடி நஜீஸ் என்பது பிரதான கருத்து. ஆனால் தவிர்க்க முடியாத சிறு அளவு மன்னிக்கப்படும். உடையில் இரண்டொரு முடி ஒட்டியிருந்தது என்பதற்காகத் தொழுகையைத் திருப்பித் தொழத் தேவையில்லை. அதேவேளை, பூனை இரவு முழுக்கப் புரண்டு முடி அப்பிய சாரனை அப்படியே கட்டிக்கொண்டு சுபஹுக்கு நிற்பதும் அழகல்ல. தட்டிவிட்டோ மாற்றிக்கொண்டோ நிற்கலாம். இதற்குமேல் சந்தேகம் உள்ளவர்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு விடயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நபி (ஸல்) அவர்களிடம் முஅஸ்ஸா என்றொரு பூனை இருந்தது, அது தூங்கியபோது எழுப்ப மனமில்லாமல் சட்டையின் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்ற கதை வட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் அறியப்பட்ட ஹதீஸ் தொகுப்புகள் எதிலும் அது இல்லை. பூனை மீதான அன்புக்கு அந்தக் கதை தேவையுமில்லை. அபூஹுரைரா (ரழி) அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு பூனைக்குட்டியால்தான். திர்மிதியில் வரும் அறிவிப்பின்படி, ஆடு மேய்த்த காலத்தில் அவர்களிடம் ஒரு சிறு பூனை இருந்தது. பகலில் அதைத் தம்மோடு கொண்டுபோய் விளையாடுவார்கள். இரவில்? ஒரு மரத்தில் விட்டுவிடுவார்கள். பூனைத் தந்தை என்றே அழைக்கப்பட்டவர் இரவில் பூனையைப் படுக்கைக்குக் கொண்டுபோகவில்லை. இதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை, சுவைக்காகத்தான் சொல்கிறேன். மகனிடம் சொன்னபோது அவனும் சிரித்துவிட்டான்.

படுக்கையைப் பற்றி நேரடியாகவே ஒரு சுன்னத்தும் இருக்கிறது. படுக்கப் போகும்போது ஆடையின் ஓரத்தால் படுக்கையைத் தட்டிவிட வேண்டும். நாம் இல்லாத நேரத்தில் அதில் என்ன வந்துபோனது என்பது நமக்குத் தெரியாது என்பதே காரணம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பூனை வளர்க்கும் வீட்டில் இந்த ஒரு சுன்னத்தை இரவுதோறும் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இனி நோய்க்கு வருவோம். கட்டிலில் செல்லப்பிராணிகள் படுப்பது பற்றி உலகில் பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியப் பேராசிரியராக இருந்த புருனோ சோமெல், தம் சக ஆய்வாளர் ஒருவரோடு 2011இல் எழுதிய கட்டுரை இதே கேள்வியைப் பற்றியதுதான். ஒரே படுக்கையில் தூங்குவதாலும் முத்தமிடுவதாலும் நக்கவிடுவதாலும் நோய் தொற்றுவது அபூர்வம், ஆனாலும் நடந்திருக்கிறது, சிலவேளை பாரதூரமாகவும் இருந்திருக்கிறது என்பதே அதன் சாரம். பிராணியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது நல்லது என்று இப்படியான ஆலோசனைகள் சொல்கின்றன.

நல்ல ஆலோசனைதான். ஆனால் அது படுக்கையறை என்று தனியாக ஒன்று உள்ள வீட்டுக்குரியது. நம் பக்கத்துத் தோட்டங்களில் உள்ள லயன் அறைகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஒரு குடும்பமே வாழ்கிறது. கினிகத்தேனை பஸாரில் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருக்கும் நம்மவர்களும் உண்டு. அங்கே கட்டில்தான் கதிரை, கட்டில்தான் பிள்ளை படிக்கும் மேசை, மழை நாளில் உடுப்பு மடிக்கும் இடமும் அதுதான். பூனையை எந்த அறைக்கு வெளியே வைப்பது? எலியோ இருக்கிறது. அரிசி மூட்டை வைத்திருக்கும் கடைக்காரருக்குப் பூனை ஆடம்பரமல்ல, தேவை. ஆகவே பூனை கட்டிலில் ஏறலாமா என்ற கேள்வியை நமக்கேற்ற மாதிரி மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏறுகிற பூனை எப்படிப்பட்டது, அந்தக் கட்டிலில் படுப்பவர் யார்?

பெரியும்மாவின் பயத்திலிருந்தே தொடங்குவோம். அவர் பயந்ததற்கு உண்மையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதன் பெயர் டொக்ஸோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. 1908இலேயே அது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பூனையின் குடலில்தான் அது தன் வாழ்க்கை வட்டத்தை முடிக்கிறது, பூனையின் மலத்தோடுதான் முட்டை போன்ற வடிவில் வெளியே வருகிறது என்பது 1970ஆம் ஆண்டளவில்தான் தெளிவானது. ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக இந்தத் தொற்று கர்ப்ப காலத்தில் ஏற்பட்டால் அது சிசுவுக்குப் போகலாம். கருச்சிதைவு, பிள்ளையின் கண்ணிலும் மூளையிலும் பாதிப்பு என்று விளைவுகள் கடுமையானவை. கர்ப்பத்துக்கு வெகு காலம் முன்பே தொற்றி மாறியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பயமில்லை.

ஆனால் அது எப்படித் தொற்றுகிறது என்பதில்தான் நாம் பிழை விடுகிறோம். பூனையைத் தொடுவதாலோ அதன் முடியாலோ அது பக்கத்தில் படுப்பதாலோ இது வருவது மிக அரிது. மலத்தோடு வெளியே வரும் முட்டை உடனே தொற்றாது. பக்குவமடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் வேண்டும். அதனால்தான் பூனையின் மணல் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். தினமும் அள்ளிவிட்டால் அது பக்குவமடையவே வாய்ப்பில்லை. அதோடு, ஒரு பூனை இந்த முட்டைகளை வெளியேற்றுவது பொதுவாக முதல் தொற்றுக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான். அநேகமாக அது குட்டியாக இருந்து வேட்டையாடத் தொடங்கும் பருவம். ஐந்து வயதான எங்கள் வீட்டுப் பூனை அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியிருக்கும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? மண்ணில். ஈரமான, குளிரான மண்ணில் அந்த முட்டைகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் வாழ்பவர்களுக்கு ஈரம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வட்டவளையில் வருட மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. வீட்டுக்குப் பின்னால் வல்லாரைப் பாத்தி, லீக்ஸ் பாத்தி. கிளறிவிட்ட மிருதுவான மண் என்றால் பூனைக்குக் கொள்ளைப் பிரியம். அது அங்கே தன் காரியத்தை முடித்து மூடிவிட்டு வருகிறது. நாம் அதே பாத்தியில் வல்லாரையைக் கிள்ளி, இரண்டு தரம் தண்ணீரில் அலசிவிட்டு, பச்சையாகச் சம்பல் போடுகிறோம். பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் ஊறும் என்று அவளுக்கே அதிகமாகக் கொடுக்கிறோம்!

கட்டிலில் படுத்திருந்த பூனையைப் பார்த்துப் பதறிய பெரியும்மா, அன்று மதியம் மகளுக்குப் பரிமாறியதும் வல்லாரைச் சம்பல்தான். இதைச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சம்பலை விட வேண்டும் என்றில்லை. ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவலாம், கர்ப்ப காலத்தில் மட்டும் சுண்டியோ கறியாகவோ கொடுக்கலாம். பாத்தியைப் பழைய வலையால் மூடலாம். கர்ப்பிணிகள் தோட்ட வேலையில் இறங்கினால் கையுறை போட வேண்டும். பூனையின் மணல் பெட்டியை வேறொருவர் சுத்தம் செய்ய வேண்டும். இறைச்சியை நன்றாக வேகவைக்க வேண்டும், பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். நம் கறி எப்படியும் நன்றாக வெந்துவிடும் என்பதால் அந்த வழி நமக்குச் சற்றுக் குறைவு. ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் பச்சை இறைச்சித் துண்டு எறிவோமே, அதையும் வேகவைத்துப் போட்டால் பூனைக்கே தொற்றாது. பயம் தீரவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். அவசியம் என்று கருதினால் வைத்தியர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

அப்படியென்றால் கட்டிலுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அது கர்ப்பத்தோடு அல்ல, தெள்ளுப்பூச்சியோடு.

பூனையின் மேல் ஓடும் தெள்ளு அங்கேயே முட்டையிடும். ஆனால் அந்த முட்டை முடியில் ஒட்டாது, உதிர்ந்துவிடும். பூனை எங்கே அதிகம் படுக்கிறதோ அங்கேதான் அதிகம் உதிரும். மெத்தையின் தையல், தலையணை உறை, கட்டில் பலகையின் இடுக்கு எல்லாம் முட்டைக்கும் புழுவுக்கும் இடம். வீட்டிலுள்ள தெள்ளில் நம் கண்ணுக்குப் படுவது மிகச் சிறு பங்குதான். பூனையின் முதுகில் இரண்டு தெள்ளைக் கண்டால் மெத்தையில் ஒரு குடும்பமே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரிப்பு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பூனைக் கீறல் நோய் என்று ஒன்று உண்டு. பார்ட்டொனெல்லா என்ற பக்டீரியாவால் வருவது. பூனைக்குப் பூனை அதைப் பரப்புவது தெள்ளு. தெள்ளின் கழிவு பூனையின் நகத்தில் ஒட்டியிருக்க, அந்த நகம் நம்மைக் கீறும்போது உள்ளே போகிறது. சில நாளில் கீறிய இடத்தில் சிறு கட்டி, பிறகு கக்கத்திலோ கழுத்திலோ நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். குட்டிப் பூனைகளிடம்தான் இது அதிகம். குட்டிகளோடு விளையாடுவது யார்? சிறு பிள்ளைகள். பூனையின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவும் தெள்ளின் வழியாகத்தான் வருகிறது. மெத்தையில் புரளும் பிள்ளை தவறுதலாக ஒரு தெள்ளை விழுங்கிவிட்டால் போதும். படர்தாமரையோ தொட்டாலே வரும். பூனையின் காதோரம் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது குணமாகும்வரை கட்டில் பக்கமே விடக் கூடாது.

வெயில் அடிக்கும் ஊரில் இதற்கு மருந்து எளிது. மெத்தையை முற்றத்தில் போட்டுவிடுவார்கள், போர்வையைக் கொதிநீரில் அலசிக் காயவைப்பார்கள். நமக்கு மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை கம்பளி காய்வது கிடையாது. துவைத்தால் மூன்று நாளானாலும் ஈர வாடை போகாது. ஆகவே எல்லோரும் துவைப்பதைத் தள்ளிப்போடுகிறோம். தெள்ளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு ஒரு வழி எங்கள் வீட்டில் பலித்தது. கட்டிலின் கால்மாட்டு மூலையில் பழைய சாரன் ஒன்றை நான்காக மடித்துப் போட்டோம். பூனை தன் வாடை உள்ள இடத்தைத்தான் தேடும். இரண்டு மூன்று நாள் தூக்கி அங்கே வைத்ததும் பழகிக்கொண்டது. இப்போது கம்பளியைத் துவைக்காவிட்டாலும் அந்தச் சாரனை மட்டும் வாரத்துக்கு இரண்டு தரம் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கிறோம். மெல்லிய துணி, அடுப்படிச் சூட்டிலேயே காய்ந்துவிடும். முட்டையில் பெரும்பங்கு அந்தச் சாரனோடு போய்விடுகிறது.

தெள்ளுக்கு மருந்து போடும்போது கவனம் வேண்டும். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்து சிலவற்றில் பேர்மெத்ரின் என்ற பொருள் உண்டு. நாய் தாங்கும், பூனையைக் கொன்றுவிடும். மண்ணெண்ணெய் தடவுவதும் அப்படித்தான், பூனை தன்னை நக்கும்போது அது வயிற்றுக்குப் போய்விடும். காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுத்தவர்களும் உண்டு. ஒரு குளிசையே அதன் உயிரை எடுக்கப் போதும். மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். பிரதேசந்தோறும் அரச மிருக வைத்திய அலுவலகம் இருக்கிறது. மாட்டுக்குத்தான் அங்கே போக வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடற்புழுவுக்கான பூச்சி மருந்தையும் அங்கேயே கேட்கலாம். வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம், குட்டிக்கு அதைவிட அடிக்கடி.

அடுத்தது இழுப்பு. பூனை முடி வயிற்றுக்குள் போனால் இழுப்பு வரும் என்று நம் உம்மும்மாமார் சொல்வார்கள். வயிற்றுக்குள் போவதால் வருவதில்லை. ஆனால் அவர்கள் பூனையைச் சந்தேகித்ததில் பிழையில்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் ஒரு புரதம் இருக்கிறது. பூனை தன்னை நக்கும்போது அது முடியில் பூசப்படுகிறது, காய்ந்ததும் தூசாகப் பறக்கிறது. ஒவ்வாமை உள்ளவருக்குத் தும்மல், கண் அரிப்பு, இழுப்பு எல்லாம் வருவது இதனால்தான். முடி குட்டையான பூனை என்றால் பயமில்லை என்பதும் சரியல்ல. இந்தத் தூசு மெத்தையில் ஊறிப்போய் மாதக்கணக்கில் நிற்கும். பூனையை வீட்டைவிட்டு அனுப்பினாலும் நான்கு, ஐந்து மாதத்துக்குக் குறையாது. குளிருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டி, விறகுப் புகையும் சேரும் நம் அறைகளில் இது இன்னும் மோசம்.

ஆகவே இழுப்புள்ள பிள்ளை படுக்கும் கட்டிலில், குறிப்பாகத் தலையணையில், பூனைக்கு இடமே கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கைக்குழந்தை படுக்கும் இடமும் அப்படித்தான். பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சும் என்பது வெறும் கதை. ஆனால் சூட்டைத் தேடிப் போகும் பிராணி குழந்தையின் முகத்தோரம் படுத்தால் அதைத் தள்ளிவிடக் குழந்தையால் முடியாது.

பலரும் யோசிக்காத இன்னொருவர் சீனி வியாதிக்காரர். கால் மரத்துப்போனவருக்குப் பூனை இரவில் விரலைக் கீறியதோ கடித்ததோ தெரியாது. காலையில் சப்பாத்துப் போடும்போதும் தெரியாது. பூனையின் வாயிலுள்ள பக்டீரியா அந்தச் சிறு காயத்தில் பெருகினால் கால் வீங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். புண் உள்ள காலைப் பூனை நக்க விடவே கூடாது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் நீண்ட காலம் ஸ்டீரொயிட் குளிசை பாவிப்பவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

கடைசியாக விசர்நோய், அதாவது நீர்வெறுப்பு நோய். இதை நாம் நாயோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். தடுப்பூசியாலும் சுகாதாரத் துறையினரின் உழைப்பாலும் அண்மைக் காலத்தில் அது வருடத்துக்கு இருபது முப்பது பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் நாயால் வருவது என்றாலும், பூனையாலும் வருகிறது. இரவில் வெளியே போகும் பூனை தேயிலை மலைக்கும் காட்டோரத்துக்கும் போகிறது. கீரியோடும் நரியோடும் தெருநாயோடும் சண்டை பிடித்துவிட்டு விடியற்காலையில் வந்து நம் காலடியில் படுக்கிறது. மூன்று மாதம் தாண்டிய பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட வேண்டும், பிறகு வருடந்தோறும் போட வேண்டும். நாய்களுக்கு ஊசி போட ஊருக்கு வரும்போது பூனையையும் ஒரு கூடையில் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.

"பூனைக் கீறல்தானே" என்று மஞ்சளோ சுண்ணாம்போ கோப்பித்தூளோ அப்புவது நம் பழக்கம். செய்ய வேண்டியது வேறு. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நாவலப்பிட்டியும் டிக்கோயா கிளங்கனும் எட்டாத தூரமல்ல. அரச வைத்தியசாலையில் இந்த ஊசி இலவசம். ஊசி தேவையா, பூனையைக் கட்டிவைத்து இரண்டு வாரம் பார்த்தால் போதுமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். நோய் வெளிப்பட்ட பிறகு மருந்து வேலை செய்யாது என்பதால் இதில் பிந்தக் கூடாது.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2015இல் தூக்கச் சிகிச்சைக்கு வந்த 150 பேரிடம் விசாரித்தது. செல்லப்பிராணி வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அதனால் தூக்கம் கெடுகிறது என்றார். ஐந்தில் இருவர் தொந்தரவில்லை, நல்லதுதான் என்றார்கள். பூனை மாலையிலும் விடியலிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் அது சுபஹு பாங்குக்குக் கால் மணி முன்பே என் கால்விரலைக் கவ்விவிடும். இதை நான் தொந்தரவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் என் கருத்து இதுதான். பூச்சி மருந்து கொடுத்து, தெள்ளு நீக்கி, ஊசி போட்ட பூனை, ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் கால்மாட்டில் தனக்குரிய துணியில் படுப்பதில் பெரிய கேடில்லை. இவற்றில் ஒன்றும் செய்யப்படாத பூனை கட்டிலில் மட்டுமல்ல, பிள்ளைகள் விளையாடும் பாயிலும் ஆபத்துத்தான். முடியுமானவர்கள் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்துவிட்டால் இரவில் அலைவதும் சண்டையும் வெகுவாகக் குறையும்.

பெரியும்மா சொன்ன அந்தச் சாக்கு விடயம் மட்டும் என் மனதைவிட்டுப் போகவில்லை. வீட்டில் ஒருவர் கர்ப்பம் என்றதும், பிள்ளைக்கு ஒரு தரம் இழுத்ததும், பூனையை உரப்பையில் கட்டி த்ரீவீலில் ஏற்றிப் பாதை வளைவிலோ சந்தைக்குப் பக்கத்திலோ விட்டுவிட்டு வருவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. வீட்டுச் சோறு தின்று பழகிய பூனைக்கு அந்தக் குளிரிலும் மழையிலும் வேட்டையாடத் தெரியாது. பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் திரிவதைத் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் தண்டனை பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! உண்மையிலேயே வைத்திருக்க முடியாத நிலை வந்தால், எலித் தொல்லையுள்ள ஒரு கடைக்காரரிடம் கேட்டுக் கொடுக்கலாம். ஒருவரும் எடுக்காவிட்டால் முற்றத்தில் ஒரு பெட்டி வைத்துச் சாப்பாடு போடலாம்.

மறுநாள் காலை நாங்கள் சாக்கை எடுக்கவில்லை. மகளின் அறைக் கதவை இரவில் சாத்திவைத்தோம். அவளுக்கு நோய் வரும் என்பதற்காக அல்ல, பெரியும்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்பதற்காக. மணல் பெட்டி இளைய மகனின் பொறுப்பானது. நஜீஸ் பற்றி அவ்வளவு சட்டம் பேசியவன்தானே! வல்லாரைப் பாத்திக்கு வலை கட்டினோம். பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டுபோய் ஊசியும் பூச்சி மருந்தும் போட்டுவந்தோம்.

இப்போது பேரனுக்குச் சில மாதம். அவன் தூங்கும் தொட்டிலுக்குக் கொசுவலையை நன்றாகச் செருகி வைத்திருக்கிறோம். பூனை அந்த அறை வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தன் சாரனுக்குத் திரும்பிவிடுகிறது. இரவில் அதற்கு மீன் தலையை வேகவைத்து, முள்ளெடுத்து, ஆறவைத்துக் கொடுப்பது பெரியும்மாதான். வேறு யாராவது பச்சையாகப் போட்டுவிட்டால் அவரிடம் ஏச்சு வாங்க வேண்டும்.